ஏதுமில்லை என்ற கட்டம்

1

இந்தக் கதை என் அக்கா எனக்குச் சொன்னது. இப்படித் தொடங்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. முதலில் எழுதிய தொடக்கம் வேறு: "மழை விட்டிருந்த காலைப்பொழுதில், மருத்துவ இதழ் அலுவலகத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் மனதுக்குள் ஏதோ ஒன்று". அந்த ஏதோ ஒன்று எது என்று எனக்கே தெரியாததால் வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அக்கா படித்துப் பார்த்தாள்.

"அன்னிக்கு மழையே பெய்யலடா. ஆபீஸ் தரைத்தளம். படியே கிடையாது."

அவள் வேலை அப்படிப்பட்டது. டாக்டர்கள் சங்கம் ஒன்று நடத்தும் மாத இதழில் பதினோரு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறாள். டாக்டர்கள் தங்கள் ஆராய்ச்சியைக் கட்டுரையாக எழுதி அனுப்புவார்கள். அச்சுக்குப் போவதற்கு முன்னால் அக்கா அதை வரி வரியாகப் படிப்பாள். கால்புள்ளி சரிதானா, அட்டவணையில் கூட்டல் சரிதானா என்று பார்ப்பாள். சந்தேகம் வந்தால் ஓரத்தில் எண் போட்டுக் கேள்வி எழுதி, எழுதியவருக்கே திருப்பி அனுப்புவாள். இந்தக் கதைக்கும் அப்படியே செய்திருக்கிறாள். அவள் கேள்விகளை எடுத்துவிடாமல் அடைப்புக்குறிக்குள் விட்டு வைத்திருக்கிறேன். மறைக்கக்கூடாது என்பதைப் பற்றிய கதையில் நானே மறைத்தால் நன்றாக இருக்காது.

[கேள்வி 1: கதை அதைப் பத்தியா? எனக்கு அப்படித் தோணல. – அக்கா]

2

ஒரு பக்கப் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருக்கமாகவே சொல்கிறேன்.

கட்டுரை அனுப்பும் ஒவ்வொரு டாக்டரும் அதோடு ஒரு ஃபார்ம் நிரப்பி அனுப்ப வேண்டும். தலைப்பு: நலமுரண் அறிவிப்பு. வார்த்தை பெரிதாக இருந்தாலும் விஷயம் சின்னதுதான். ஒரு மருந்து நல்லதா இல்லையா என்று சொல்லப் போகிறவர், அந்த மருந்தை விற்கிறவர்களிடம் ஏதாவது வாங்கியிருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். வாங்கியிருப்பதால் பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. படிக்கிறவருக்கும் தெரிந்திருக்கட்டும் என்பதுதான்.

ஃபார்மில் நான்கு கேள்விகள். கடந்த மூன்று வருஷத்தில் எந்த மருந்துக் கம்பெனியிடமாவது பேச்சுக்குப் பணம் வாங்கினீர்களா, பயணச் செலவு வாங்கினீர்களா, ஆராய்ச்சிக்கு நிதி வாங்கினீர்களா, குடும்பத்தில் யாராவது அங்கே வேலை செய்கிறார்களா. கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று, 'உண்டு, விவரம் கீழே'. இன்னொன்று, 'ஏதுமில்லை'.

பதினோரு வருஷமாக எல்லோரும் இரண்டாவது கட்டத்தில்தான் டிக் போட்டிருக்கிறார்கள்.* சில பேர் பெயரை எழுதுவதற்கு முன்பே போட்டுவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அக்கா 'கட்டுரையாளருக்கு நலமுரண் ஏதுமில்லை' என்று தட்டச்சு செய்வாள். தட்டித் தட்டிக் கை வலித்து, ஒரே பொத்தானை அழுத்தினால் முழு வரியும் வந்து விழும்படி கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள்.

* ஒரே ஒரு கண் டாக்டர் 'உண்டு' என்று டிக் செய்து, விவரத்தில் 'எனக்கும் என் மாமியாருக்கும்' என்று எழுதியிருந்தார். அக்கா அவருக்கு போன் செய்து விளக்கி, ஏதுமில்லை என்று மாற்றி வாங்கினாள்.

3

இந்த இடத்தில் ஒரு வில்லன் வர வேண்டும். வரவழைத்தும் பார்த்தேன். மூட்டு டாக்டர் ஒருவர், கையில் தங்க வாட்ச், மேஜையில் வெளிநாட்டுப் பேனா.

[கேள்வி 2: அவர் வாட்சே கட்டறதில்ல. நாள் முழுக்கக் கை கழுவறவர். பேனா என்னோடதை வாங்கித்தான் எழுதினார், திருப்பியும் குடுத்தார். – அக்கா]

வாட்சை எடுத்துவிட்டேன். வாட்ச் போனதும் வில்லனும் போய்விட்டார். மிச்சம் இருந்தது ஒரு நல்ல டாக்டர். அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷம் லிஃப்ட் கூண்டின் உச்சியில் குந்தி உட்கார்ந்து வேலை பார்த்ததில் இரண்டு முட்டியும் போய்விட்டன. ஷூ லேஸ் கட்ட அக்கா வர வேண்டியிருந்தது. இரண்டு டாக்டர்கள் ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாகப் போனது இந்த மூட்டு டாக்டரிடம். அவர் முக்கால் மணி நேரம் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். மற்ற இருவரும் எழுதாத ஒரு மாத்திரையை எழுதினார். தரையில் தானே படுத்து உடற்பயிற்சி செய்து காட்டினார். அக்கா எங்கே வேலை செய்கிறாள் என்று தெரிந்ததும் ஃபீஸ் வாங்க மறுத்துவிட்டார்.

"நம்ம பத்திரிகை ஆளுங்க நீங்க. உங்ககிட்ட வாங்கறதா?"

இரண்டே மாதத்தில் மாமா மறுபடி லிஃப்ட் மேல் ஏறிவிட்டார். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் ரப்பர் தடம் காலில் வெகுநேரம் பள்ளமாகத் தெரியும். பாதம் உப்பியிருக்கும். ஷூ இறுக்கம் என்று சொல்லிக்கொண்டார்.

4

அந்த மாத்திரையைப் பற்றியே ஒரு கட்டுரை அக்காவின் மேஜைக்கு வந்தது. எழுதியவர் மூட்டு டாக்டர். நாலு வருஷ உழைப்பு. இருநூற்றுப் பதினாறு நோயாளிகள். பெரும்பாலோருக்கு வலி குறைந்திருந்தது. 'நோயாளிகள் மருந்தை நன்கு தாங்கிக்கொண்டனர்' என்று முடிவுரை. நான்காவது அட்டவணையில், பொடி எழுத்தில், கால் வீக்கம்: இருபத்து நாலு பேர். அக்கா வழக்கம்போலக் கணக்குப் போட்டாள். ஒன்பது பேரில் ஒருவர்.

கூடவே ஃபார்ம். ஏதுமில்லை.

அக்கா பொத்தானை அழுத்தப் போனாள். அழுத்தவில்லை.

அவர் க்ளினிக்கில் எடை பார்க்கும் மெஷினுக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் இருந்தது. மாமாவின் மாத்திரை அட்டையில் இருக்கும் அதே கம்பெனி கொடுத்தது. போன வருஷத் தேதி. 'ஆண்டின் சிறந்த உரையாளர்' என்று இருக்க வேண்டியதில், ரகரம் மாறி 'உறையாளர்' என்று அச்சாகியிருந்தது. எழுத்துப்பிழை இல்லாதிருந்தால் அக்காவுக்கு அது நினைவிலேயே நின்றிருக்காது.

அவள் கேள்விகளை எழுதினாள். முதல் ஆறும் கால்புள்ளி, மேற்கோள் எண், வருஷம். ஏழாவது: 'படிவத்தில் ஏதுமில்லை என்று உள்ளது. கடந்த மூன்று ஆண்டுகளில் இம்மருந்து நிறுவனத்திடமிருந்து பேச்சுக்கோ பயணத்துக்கோ ஏதேனும் பெற்றிருந்தால் தெரிவிக்கவும்.'

அதையும் அவள் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

[கேள்வி 3: ஒரே மூச்சா? ரெண்டு தடவை அழிச்சுட்டு எழுதினேன். அடுத்த மாசம் அவர்கிட்ட மாமாவைக் கூட்டிட்டுப் போகணும். – அக்கா]

5

மறுநாள் மதியம் டாக்டரே போன் செய்தார்.

"ஆறுக்கும் பதில் எழுதிட்டேன்மா. நல்லாப் பாத்திருக்கீங்க. ஏழாவதுதான் புரியல. இந்த ஆராய்ச்சிக்கு நான் யார்கிட்டயும் ஒரு பைசா வாங்கல."

"ஆராய்ச்சிக்குன்னு ஃபார்ம்ல கேக்கல சார். எதுக்காவதுன்னு கேட்டிருக்கு."

"வாங்கினேன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"உங்க சுவத்துல மாட்டியிருக்கு சார்."



"அது லெக்சருக்குக் குடுத்தது," என்றார். குரலில் கோபம் இல்லை. "அவங்க எழுதிக் குடுத்ததை நான் பேசல. என் கண்ணால பாத்ததைப் பேசினேன். காசு குடுக்கலன்னாலும் அதைத்தான் பேசியிருப்பேன்."

"சரி சார். அதையே ஒரு வரியா எழுதிடலாமே."

"எழுதினா படிக்கறவங்க முதல்ல அந்த வரியைத்தான் பாப்பாங்க. அதுக்கப்புறம் என் இருநூத்துப் பதினாறு பேரை யாரு பாக்கப் போறா? தப்புப் பண்ணி மாட்டினவன் மாதிரி இருக்கும்மா."

அக்காவுக்கு அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவும் பட்டது, இல்லாத மாதிரியும் பட்டது.

"வீட்டுக்காரர் முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

(இந்த வரியை நான் மிரட்டலாக எழுதியிருந்தேன். 'அவர் குரல் தணிந்தது, சொற்கள் கூர்மையாயின' என்றெல்லாம்.)

[கேள்வி 4: மிரட்டல் இல்லடா. அவர் எப்பவும் கேக்கறதுதான். அதனாலதான் எனக்குப் போனை வைக்கவே முடியல. – அக்கா]

6

எடிட்டர் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வு பெற்ற இதய டாக்டர். இதழைச் சம்பளம் வாங்காமல் நடத்துகிறார். மேஜை மேல் போன மாத இதழ் குப்புறக் கிடந்தது. பின்னட்டையில் அதே மாத்திரைக் கம்பெனியின் விளம்பரம், பச்சைப் புல்வெளியில் ஓடும் ஒரு முதியவர். விளம்பரத்தைக் காட்டி ஏதாவது சொல்லப் போகிறார் என்று அக்கா தயாராக நின்றாள். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"உங்க வீட்டுக்காரர் அவரோட பேஷண்டாமே?"

"ஆமா சார்."

"ஃபீஸ் வாங்கறதில்லையாமே?"

"ஆமா சார்."

"அப்ப உங்களுக்கும் இந்தக் கட்டுரையை எழுதினவருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. அதை நீங்க சொல்லலியே?"

அக்காவுக்கு முகம் சுட்டது. அவள் அதை அந்த நிமிஷம் வரை அப்படி யோசித்துப் பார்த்ததே இல்லை. தன் இடத்துக்கு வந்தாள். அலமாரியிலிருந்து புது ஃபார்ம் ஒன்றை எடுத்தாள். மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்கென்று ஃபார்ம் கிடையாது. 'கட்டுரையாளர்' என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்து, மேலே 'மெய்ப்புத் திருத்துபவர்' என்று எழுதினாள். 'உண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். விவரத்தில் எழுதினாள்: 'என் கணவர் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார். கட்டுரையாளர் அவருக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கிறார். நாங்கள் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். என் கணவருக்குக் கால் வீங்குகிறது.' கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

மாமியார் விவகாரத்தைத் தள்ளிவிட்டால், அந்த அலுவலகத்தில் பதினோரு வருஷத்தில் வந்த முதல் 'உண்டு' அது.

எடிட்டர் இரண்டு முறை படித்தார். ஃபைலில் வைத்தார்.

"சரியாப் பண்ணியிருக்கீங்க. இப்படித்தான் இருக்கணும்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதனால இந்தக் கட்டுரை இனிமே உங்க மேஜைக்கு வரக்கூடாது."

"ஏழாவது கேள்வி சார்?"

"சம்பந்தம் உள்ளவங்க கேட்ட கேள்வி. அதை எப்படி எடுத்துக்கறது?"

அக்கா பின்னட்டையைக் காட்டி, அது மட்டும் சம்பந்தம் இல்லையா என்று கேட்டாள். விளம்பரம் வேறு டிபார்ட்மெண்ட் என்றார் எடிட்டர். அந்த அலுவலகத்தில் மொத்தம் வேலை செய்வது மூன்று பேர்.

கட்டுரை, பக்கம் அமைக்கும் லேஅவுட்காரரிடம் போனது. அவருக்கு நலமுரண் கிடையாது. நேரமும் கிடையாது. பொத்தானை அழுத்தினார். இதழ் வெளிவந்தது.

7

நான் கதையை இங்கே முடித்திருந்தேன். உள்ளதைச் சொன்ன ஒரே ஆள், சொன்ன காரணத்துக்காகவே வெளியே அனுப்பப்பட்டாள். இப்படி ஒரு முடிவு கிடைத்தால் எந்த எழுத்தாளனும் விடமாட்டான். ஒரு நாள் முழுக்க அந்தக் கடைசிப் பத்தியை நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

[கேள்வி 5: மாமா கால் என்னாச்சுன்னு படிக்கறவங்க யாரும் கேக்க மாட்டாங்களா? – அக்கா]

கேட்பார்கள். ஆகவே தொடர்கிறேன்.

இதழ் வெளிவந்த அன்று அக்கா வீட்டுக்குப் போனபோது மாமா கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தக் கட்டுரையில கால் வீங்கும்னு போட்டிருக்கா?"

"ஒம்பது பேர்ல ஒருத்தருக்கு."

மாமா குனிந்து தன் காலைப் பார்த்தார். "அந்த ஒருத்தன் நானா?"

"நீங்க அந்தக் கணக்குல இல்லைங்க. நீங்க அப்புறம் சேர்ந்தவர்."

"அப்ப நான் கணக்குலயே இல்ல."

சாக்ஸை உருட்டி ஷூவுக்குள் திணித்தார். "நீ கேட்டது சரியோ தப்போ எனக்குத் தெரியல. ஆனா அவர் இனிமே என்னைப் பாக்க மாட்டேன்னுட்டா மறுபடி ஆபரேஷன்னு சொல்லுவாங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டு நான் லிஃப்ட் மேல ஏற முடியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதியிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட கேட்டா எழுதாதன்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

அதன்பிறகு நாலு நாள் இருவரும் வேண்டியதை மட்டும் பேசினார்கள். உப்பு இருக்கா, கரண்ட் பில் வந்துச்சா, அவ்வளவுதான். ஐந்தாவது நாள் டாக்டரிடம் போக வேண்டிய நாள். போகலாமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. மாமா சட்டை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

8

டாக்டரின் அறையில் நடந்ததற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் டாக்டர் தலைகுனிகிறார். இரண்டாவதில் அவர்களை வெளியே போகச் சொல்கிறார். மூன்றாவதில் மாமா ஒன்றரைப் பக்கம் பேசுகிறார். மாமாவை அறிந்தவர்கள் இதைப் படித்தால் வேறு யாரோ பேசுவதாக நினைப்பார்கள். மூன்றையும் அக்கா குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டாள். நடந்தது இது.

பாராட்டுப் பத்திரம் சுவரில் அப்படியேதான் இருந்தது. எடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. டாக்டர் வழக்கம்போலச் சிரித்தார், உட்காரச் சொன்னார். அக்காவைப் பார்த்து, இதழ் கிடைத்தது, பக்கங்கள் நன்றாக வந்திருக்கின்றன என்றார். மாமாவைப் படுக்க வைத்து முட்டியை மடக்கினார்.

மாமா மேற்கூரையைப் பார்த்தபடி, இந்த லிஃப்ட்டுக்கு எந்த பிரேக் போட்டிருக்கீங்க என்று விசாரிக்கும் குரலில் கேட்டார்:

"டாக்டர், இந்த மாத்திரைக் கம்பெனி உங்களுக்கு ஏதாவது குடுக்குதா?"

"குடுக்குது," என்றார் டாக்டர். முட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "வருஷத்துக்கு நாலு கூட்டத்துல பேசறேன், அதுக்குப் பணம் தராங்க. போன வருஷம் வெளியூர் மாநாட்டுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தாங்க. என் மனைவிக்கும் சேத்து."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு மாதமாகக் கேட்டு வராத பதில், மாமா படுத்துக்கொண்டே கேட்டதும் வந்துவிட்டது.

"இதைத்தானே சார் நானும் கேட்டேன்," என்றாள்.

"நீங்க அச்சுல கேட்டீங்கம்மா. இவர் வாய்ல கேக்கறார்."

மாமா, "சரி," என்றார். அதற்கு மேல் அந்த விஷயத்தில் அவருக்கு ஆர்வம் இல்லை. "கால் வீங்குது. அது இந்த மாத்திரையாலதானா?"

டாக்டர் பேன்ட்டை மேலே சுருட்டினார். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. நிரம்பவில்லை. மூன்று பேரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"மூணு மாசம் இருக்கும்."

"மூணு மாசமா?" டாக்டரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "நடுவுல ரெண்டு தடவை வந்தீங்களே. ஏன் சொல்லல? நான் கேட்டேனே, வேற ஏதாவது தொந்தரவு இருக்கான்னு?"

"கேட்டீங்க."

"அப்புறம்?"

மாமா எழுந்து உட்கார்ந்தார். சொல்லத் தயங்கினார். தயங்கிவிட்டுச் சொன்னார்.

"ஃபீஸ் வாங்காமப் பாக்கற டாக்டர்கிட்ட வந்து, உங்க மருந்து எனக்கு ஒத்துக்கலன்னு எப்படிங்க சொல்றது?"

டாக்டரின் கை இன்னும் மாமாவின் காலிலேயே இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டார் என்று அக்கா சொல்கிறாள். வெளியே எடை மெஷினில் யாரோ ஏறி இறங்கும் சத்தம் கேட்டது.

(இங்கே டாக்டரின் மனதுக்குள் புகுந்து நாலு வரி எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். என்ன நினைத்தார் என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.)

பிறகு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். எழுதப் பேனாவைத் தேடினார். அக்கா தன்னுடையதைக் கொடுத்தாள். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் கதவருகே போனதும் சொன்னார்:

"இன்னிக்கு ஃபீஸ் கட்டிட்டுப் போங்க."

மாமா வரவேற்பு மேஜையில் பணம் கட்டி, ரசீது வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தெருவுக்கு வந்ததும், "இனிமே வாயைத் திறந்து பேசலாம்," என்றார். அக்காவிடம் நாலு நாளுக்குப் பிறகு அவராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

9

ரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. வீக்கம் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. முட்டி வலி கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. மாமா லிஃப்ட் மேல் ஏறுகிறார், முன்னைவிட மெதுவாக. 'இதுல முடிவு எங்கே இருக்கு' என்று அக்காவிடம் கேட்டேன். "மாத்திரை பாதி. அதுதான் முடிவு" என்றாள்.

ஆனால் ஒன்று நடந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த இதழின் கடைசிப் பக்கத்தில், 'திருத்தங்கள்' என்ற தலைப்பின் கீழ், ஒரு தவறான வருஷத்துக்கும் ஒரு தவறான மேற்கோள் எண்ணுக்கும் நடுவில், மூன்று வரி இருந்தது. மூட்டு டாக்டர் அந்த மருந்து நிறுவனத்திடமிருந்து பேச்சுக்கும் பயணத்துக்கும் பணம் பெற்றிருக்கிறார் என்றது. கால் வீக்கம் ஒன்பதில் ஒருவருக்கு ஏற்பட்டது என்பதை முடிவுரையிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றும் இருந்தது. டாக்டர் தானாக எழுதி அனுப்பினாரா, எடிட்டர் கேட்டு வாங்கினாரா என்று அக்காவுக்குத் தெரியாது. சம்பந்தம் உள்ளவள் என்பதால் அந்தப் பக்கத்தை அவளுக்குக் காட்டவில்லை. வெளியே இருக்கும் வாசகர்களைப் போல அச்சில்தான் பார்த்தாள்.

பார்த்ததும் அவள் கண்ணில் பட்டது வேறு. லேஅவுட்காரர் அவசரத்தில் ஓர் உகரத்தை விட்டிருந்தார். மூன்றாவது வரி இப்படி முடிந்தது: 'எனவே கட்டுரையாளருக்கு நலமரண் உண்டு.' நலமுரண் என்றிருந்தால் சந்தேகப்பட வேண்டும். நலமரண் என்றால் நலத்துக்குக் கோட்டைச் சுவர். படிக்கிறவர்கள் டாக்டருக்குக் கிடைத்த இன்னொரு பட்டம் என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.

திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வர வேண்டும் என்று அக்கா நினைக்கிறாள். எடிட்டரிடம் அவள் சொல்ல முடியாது. அவளுக்குச் சம்பந்தம் உண்டு. மாமா சொல்ல முடியாது. நான் அவள் தம்பி.

நீங்கள் எழுதலாம். அந்த டாக்டரை உங்களுக்குத் தெரியாது, மாத்திரையையும் தெரியாது. 'வாசகர் கடிதம்' பகுதிக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம், போடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. கடிதத்தோடு அந்த ஒரு பக்க ஃபார்மையும் நிரப்பி அனுப்ப வேண்டும்.

[கேள்வி 6: இவ்வளவும் படிச்சப்புறம் அவங்க எந்தக் கட்டத்துல டிக் போடுவாங்க? – அக்கா]

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. உங்களுக்கே அனுப்பி வைக்கிறேன்.